சாப்பாட்டு மேஜை மேல் கியர்பாக்ஸ்

என் கணவர் பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். ஒரு நாளைக்கு நானூறு வாளிகளை எடுத்து, கவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் வைப்பது வேலை. இருபத்திரண்டு வருடத்தில் தான் நல்லது என்று வைத்த வாளி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பார். கெட்டது என்று ஒதுக்கியதில் எத்தனை நல்லது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் குளியலறையில் இருப்பவை எல்லாம் அவர் ஒதுக்கிய வாளிகள்தான். பதிமூன்று வருடமாகிறது, ஒன்றும் ஒழுகவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் என் காரின் கியர்பாக்ஸ் மாட்டிக்கொண்டது.

என் கார் என்று சொல்வதில் எனக்கே இன்னும் கொஞ்சம் கூச்சம் உண்டு. பதிவுப் புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஒன்பது வருடம் அது வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குடும்பத்தைச் சுமந்தது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். மகள் பிறக்கும்வரை ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை பார்த்தேன். பிறகு கொஞ்ச நாள் வீட்டில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் செய்யவில்லை. அதுவாகவே ஆயிற்று, பால் திரிவது மாதிரி.

போன மாதம் கடிதம் வந்தது. முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை. முதல் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். எங்கள் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸே ஆறே காலுக்குத்தான். ஆகவே கார் ஓடினால் எனக்கு வேலை, ஓடாவிட்டால் இல்லை. அவ்வளவு எளிமையான கணக்கு.

காரில் மூன்றாவது கியர் போட்டால் கொஞ்ச தூரம் போய்த் தானே கழன்றுகொள்ளும். அடுத்த தெரு மெக்கானிக் பார்த்துவிட்டு, இதைப் பிரித்துச் சரி செய்வதைவிடப் பழைய சாமான் கடையில் நல்ல கியர்பாக்ஸாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். பழையதைக் கழற்றியும் வைத்துவிட்டார். வயிறு திறந்த கார் அவருடைய ஷெட்டில் நான்கு முட்டுகளின் மேல் நின்றது. நாங்கள் கிளம்பும்போது காகிதத்தில் சுற்றிய தட்டு மாதிரி எதையோ என் கணவர் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். ஆண்கள் இரண்டு பேர் இரும்பைப் பற்றிப் பேசும்போது காது கொடுக்க வேண்டாம் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, நான் காது கொடுக்கவில்லை.

புதன்கிழமை கியர்பாக்ஸ் வீட்டுக்கு வந்தது. பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் ரசீதில் எழுதிக் கொடுத்திருந்தார். தரையில் ஈரம் இருக்கும் என்று சொல்லி என் கணவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் ஏற்றச் செய்தார். அடியில் என்னுடைய நல்ல துண்டு. நாங்கள் மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"நாளைக்கே மெக்கானிக்கிட்ட கொடுத்துடலாமாங்க?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டா ஆகுமா? உள்ள போட்டப்புறம் கெட்டதுன்னு தெரிஞ்சா மறுபடி இறக்கணும். நிதானமாப் பாத்துக்கலாம்."

நியாயம்தான். அவர் பேச்சில் எப்போதும் நியாயம் இருக்கும். அதுதான் அவரோடு எனக்குள்ள தொல்லை.

தொழிற்சாலையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தார். வாளிகளுக்கானது. எண், பொருள், குறை, முடிவு என்று நான்கு கட்டங்கள் அச்சிட்டிருக்கும். முதல் நாள் மகளின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு மேல் உறையில் விரிசல் தேடினார். இரண்டாம் நாள் அடியிலிருந்த திருகாணியைக் கழற்றி எண்ணெயை என் சில்வர் கிண்ணத்தில் வடித்து, முகர்ந்து, விரலிடுக்கில் தேய்த்து, என் வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை அதற்குள் விட்டுத் துழாவினார். கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி ஒட்டியது. ஓடின கியர்பாக்ஸில் அது இருக்கத்தான் செய்யும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்து, தேதி போட்டு வைத்தார். மூன்றாம் நாள் முன்பக்கத் தண்டைப் பிடித்து ஆட்டி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்த்தார். நான்காம் நாள் ஒவ்வொரு கியராகப் போட்டு, முன் தண்டை எத்தனை சுற்றுச் சுற்றினால் பின் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணினார். சுற்றுவது அவர், உரக்க எண்ணுவது மகள். குளியலறைத் தராசில் ஏற்றி எடையும் பார்த்தார். இருபத்தெட்டு கிலோ. அதுவும் நோட்டில் ஏறியது.

அந்த இரும்பை அவர் திருப்புகிற விதத்தை அடுப்படி வாசலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு மென்மையான கை அது. என்னை மணக்கச் சம்மதிப்பதற்குப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டவர் என்பது நினைவுக்கு வரும். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இவ்வளவு யோசித்து ஒருவர் நம்மைத் தேர்ந்தெடுக்கிறாரே என்று. அந்தப் பதினோரு மாதமும் நான் ஒரு மேஜை மேல் காத்திருந்தேன் என்று இப்போதுதான் தோன்றியது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாத்தனாரும் அவர் கணவரும் வந்தார்கள். நாத்தனார் கணவரைக் குடும்பத்தில் 'எல்லாந்தெரிஞ்சவர்' என்போம், அவர் காதுபடவே. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்வார். வந்ததும் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். நுனியைக் கியர்பாக்ஸ் மேல் வைத்துப் பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஓடுகிற இயந்திரத்தில் அப்படிச் சத்தம் கேட்பார்கள். இது மேஜையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"உள்ள ஏதோ இருக்கு மாப்ளே," என்றார்.

"கியர்தான் இருக்கும் அண்ணே," என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். நாத்தனார் பின்னாலேயே வந்தார். இந்த வயசில் விடியற்காலையில் எழுந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா, மகளை யார் பள்ளிக்கு அனுப்புவது, தம்பிக்கு யார் சாப்பாடு கட்டுவது என்று அடுக்கிவிட்டு, கார் விஷயம் இழுக்கிறதும் ஒரு நல்லதுக்குத்தானோ என்னவோ என்று முடித்தார். அவருக்கு நான் சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை ஆகாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. நாத்தனார் அப்படிச் சொன்னபோது என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஒன்பது வருடம் ஆயிற்றே, ஊசியைப் பிடித்தால் நரம்பு கைக்குத் தட்டுப்படுமா, புது இயந்திரங்கள் பிடிபடுமா, இருபத்தைந்து வயதுப் பெண்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று இரவெல்லாம் குடைந்துகொண்டிருந்த ஒன்று. கார் தயாராகாவிட்டால் தப்பு என் மேல் இல்லை. அவர் கியர்பாக்ஸைச் சோதிக்கிறார், நான் காத்திருக்கிறேன். ஊருக்கு அவர் பொறுப்பானவர், நான் பொறுமையானவள். இரண்டு பேருக்கும் எவ்வளவு வசதி.

ஆனாலும் நான் லேபில் பழகியவள். எங்கள் லேபில் சோதனை என்றால் ஒரு கேள்வி. பதில் வந்ததும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட வேண்டும். ஒரே ரத்தத்தை எட்டு நாள் சோதித்துக்கொண்டிருந்தால், அதற்குள் அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வேறெங்காவது போயிருப்பார். எட்டாம் நாள் நோட்டைப் புரட்டிக் காட்டி என் கணவர் விளக்கினார். எண்ணெய்க் கசிவு, பேரிங் சத்தம், கியர் விழும் அழுத்தம், எல்லாம் அழகான கையெழுத்தில். ஒரு பக்கத்திலும் 'முடிவு' கட்டத்தில் ஒரு சொல் இல்லை.

"முடிவு எப்பங்க எழுதுவீங்க?"

"எல்லாம் பாத்து முடிச்சப்புறம்."

"இன்னும் என்ன பாக்கணும்?"

"பாத்தாத்தானே தெரியும், இன்னும் என்ன பாக்கணும்னு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம். சுவரையும் அவர் பிறகு சோதிப்பார்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அவர் தொழிற்சாலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு நான் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். அவர் என் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னைக்குச் சாமான் வந்தாத்தான் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்க முடியும். சார் பிளேட்டை மாட்டிப் பாத்துட்டாருல்ல?"

"எந்தப் பிளேட்டு?"

மெக்கானிக் முழுசாக வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். என் காரின் பழைய கிளச்சு பிளேட்டை அன்றைக்கே கொடுத்து அனுப்பியதாகச் சொன்னார். கியர்பாக்ஸின் முன் தண்டில் நீளவாக்கில் பற்கள் ஓடும். பிளேட்டின் நடு ஓட்டையிலும் அதே எண்ணிக்கையில் பற்கள் இருக்கும். பிளேட்டைத் தண்டில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதே கம்பெனி, அதே மாடல் காரிலேயே இரண்டு வருடம் தள்ளி வந்ததில் பல் எண்ணிக்கை மாறியிருக்குமாம்.

"அதான் முதல்ல பாக்க வேண்டியது. அரை நிமிஷ வேலை அக்கா. அது போகலைன்னா மத்தது எவ்வளவு நல்லா இருந்தாலும் இரும்பு விலைதான். சார்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனே."

வீட்டுக்கு வந்து தேடினேன். மேஜையைச் சுற்றி இல்லை. அவர் கருவிப் பெட்டியில் இல்லை. கடைசியில் பீரோவின் தலைமேல், பெட்டிகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, அதே காகிதச் சுற்றோடு இருந்தது. எட்டி எடுக்க நாற்காலி போட வேண்டியிருந்தது. நாற்காலி போடாமல் அங்கே வைத்திருக்கவும் முடியாது.

கியர்பாக்ஸின் தண்டில் பிளேட்டை வைத்தேன். நுனியிலேயே நின்றது. திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் நின்றது. எண்ணினேன். தண்டில் இருபது, பிளேட்டில் இருபத்து நான்கு. மெக்கானிக் சொன்ன அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி போன இடத்தைப் பத்து நாள் தேடிய வீட்டில் உலக்கை போன இடத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது. நோட்டுப் புத்தகம் பக்கத்தில் கிடந்தது. அவர் எனக்குக் காட்டியதெல்லாம் நடுப் பக்கங்கள். நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

புதன்கிழமை தேதி. மூன்றாவது வரி. 'முன் தண்டின் பற்கள் 20. கிளச்சு பிளேட் 24. இன்னொரு தடவை எண்ண வேண்டும்.'

அதற்குப் பிறகு முப்பத்தொரு பக்கங்கள். எதிலும் அவர் அதை இன்னொரு தடவை எண்ணவில்லை.

நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் அந்தக் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். ஏமாற்றுகிறவர் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். எழுதியும் விட்டு, பிளேட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, பத்து நாள் மனசாரப் பாடுபட்டிருக்கிறார். போகாதே என்று என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அதனால்தான் இருபத்தெட்டு கிலோ இரும்பை நடுவில் வைத்திருக்கிறார். நானும் அதன் இந்தப் பக்கம் நின்று, போக முடியவில்லையே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது என்று நானும் அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இந்த வீட்டில் பற்கள் பொருந்தாதது தண்டுக்கும் பிளேட்டுக்கும் மட்டுமில்லை போலிருக்கிறது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. கடையில் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பரணிலிருந்து மகளின் குழந்தைத் தள்ளுவண்டியை இறக்கினேன். ஏழெட்டு வருடத் தூசியைத் தட்டினேன். இஸ்திரிப் பலகையை மேஜை விளிம்பில் சாய்த்து, கியர்பாக்ஸைத் துண்டோடு அதில் இழுத்து, மெதுவாக வண்டிக்குள் சறுக்கிவிட்டேன். இத்தனை வருடம் கேஸ் சிலிண்டர் உருட்டியவளுக்கு இது பெரிய வித்தையில்லை. துண்டை மேலே போர்த்திவிட்டு, பிளேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டிச் சக்கரம் நாலும் நாலு பக்கம் முனகின.

இரண்டு கிலோமீட்டர் நடை. தெருமுனையில் மருந்துக் கடைக்கார அம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யார் வீட்டுக் குழந்தை? தூங்குதா?"

"பத்து நாளாத் தூங்குதுங்க."

"எண்ணெய் கொஞ்சம் அதிகமாத் தேச்சுட்டே போல," என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பழைய சாமான் கடைக்காரர் ரசீதைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார். நான் கிளச்சு பிளேட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்கும் இதைக் கையில வச்சுக்கிட்டுத்தாம்மா நின்னாரு. மாட்டிப் பாருங்க சார்னேன். வீட்ல போய் நிதானமாப் பாத்துக்கறேன்னாரு."

"நிதானமாப் பாத்துட்டாருங்க. இது வேண்டாம்."

பின்கட்டில் அதே காருக்கு நான்கு கியர்பாக்ஸ்கள் வரிசையாகக் கிடந்தன. பிளேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். இரண்டில் போகவில்லை. மற்ற இரண்டில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அதில் ஒன்றின் தண்டைப் பிடித்து ஆட்டினேன், கிழவன் பல் மாதிரி ஆடியது, விட்டுவிட்டேன். கடைசி ஒன்றில் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தேன். கருகல் வாடை இல்லை, துகள் இல்லை. கியரை ஒவ்வொன்றாகப் போட்டுத் தண்டைச் சுற்றினேன். மூன்றாவதில் நிறுத்தி நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைத்தேன், கழலவில்லை. எல்லாம் என் கணவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அந்த மட்டுக்கு அவர் நல்ல வாத்தியார்.

"ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் கத்தும்," என்றார் கடைக்காரர்.

"கத்தட்டும். இதைக் கொடுங்க."

இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பது வருடமாகியும் சோதிக்கிற கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. தள்ளுவண்டியை நேராக மெக்கானிக் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிளேட்டைத் தானும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தார், அதில் எனக்கு வருத்தமில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்தபோது மேஜை துடைத்திருந்தது. மூன்று தட்டுகள் வைத்திருந்தேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார்.

"அது எங்க?"

"மாத்திட்டேங்க. வேற ஒண்ணு மெக்கானிக்கிட்ட இருக்கு."

"சோதிக்காமயா?"

"சோதிச்சுத்தான்."

"எத்தனை நாள்?"

நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கம் திறந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அதன்மேல் பிளேட்டைச் சுற்றியிருந்த காகிதத்தையும் மடித்து வைத்திருந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரியைப் படித்தார். காது மடல் சிவந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து, தன் தட்டை எடுத்து, பழக்கத்தில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்த்தி வைத்தார்.

"இன்னொரு தடவை எண்ணணும்னுதான் இருந்தேன்," என்றார்.

"நான் எண்ணிட்டேங்க. உங்க எண்ணிக்கை சரிதான்."

மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேஜையில் சாப்பிடுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றாள். அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். பயமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்றார். கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற குரல். நான் தூங்கிவிட்ட மாதிரி மூச்சு விட்டேன்.

ஞாயிறு இரவு மெக்கானிக் கொண்டுவந்து விட்ட வண்டியைத் திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு எடுத்தேன். ரிவர்ஸில் அது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி முனகியது. எதிர் வீட்டு மாடி ஜன்னல் ஒன்றில் விளக்கு எரிந்தது. என் கணவர் அரைத் தூக்கத்தில் வாசலுக்கு வந்து, நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேனா மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதல் கியர், இரண்டாவது. மூடி கழல்வதற்குள் தெருமுனை திரும்பிவிட்டேன். பெரிய சாலையில் மூன்றாவதைப் போட்டுவிட்டு, கையை எடுக்காமல் ஒரு கிலோமீட்டர் அதன்மேலேயே வைத்திருந்தேன். பிறகு எடுத்தேன். அது அங்கேயே இருந்தது.

மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு வீடு திரும்பினேன். பதினெட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்திருந்தேன். ஒருவரிடம் மட்டும் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. நோட்டுப் புத்தகம் மேஜை மேல் இருந்தது. திறந்து பார்த்தேன். அன்றைய தேதி, ஐந்து பத்து என்ற நேரம். பொருள் என்ற கட்டத்தில் என் காரின் எண். குறை என்ற கட்டத்தில் 'ரிவர்ஸில் சத்தம், மற்றபடி கண்டுபிடிக்க முடியவில்லை.' இந்த நோட்டில் முதல் தடவையாக 'முடிவு' கட்டத்திலும் ஏதோ எழுதியிருந்தார்.

'நாளை மறுபடியும் பார்க்க வேண்டும்.'

பார்க்கட்டும். நாளையும் ஐந்து பத்துதான்.